ஆள் சேர்த்தவர் வீட்டுக் கதவைத்தான் முதலில் தட்டுவார்கள்

2006-இல் வந்த 'ஃபிர் ஹேரா ஃபேரி' இந்திப் படத்தை டிவியில் எப்போது போட்டாலும் எங்கள் வீட்டில் சேனல் மாறாது. பணத்தை இரட்டிப்பாக்கித் தருவதாக ஒரு கம்பெனி சொல்கிறது. குறைந்தது ஒரு கோடி கட்ட வேண்டும். ராஜு, ஷ்யாம், பாபுராவ் மூவரும் பங்களாவையே விற்கிறார்கள். அப்படியும் போதவில்லை. பப்பு என்ற சில்லறை ரவுடியை ராஜு உள்ளே இழுக்க, அவன் திவாரி என்ற பெரிய தாதாவிடம் பணம் வாங்கிக் கொடுக்கிறான். இரட்டிப்புப் பணத்தை வாங்கப் போனால் கம்பெனியே இல்லை. அதற்குப் பிறகு படம் முழுக்க ஓட்டம்தான்.

ஆடிட்டராக எனக்கு அந்தக் கம்பெனி முக்கியமில்லை. திவாரிக்குக் கம்பெனிக்காரர் யாரென்றே தெரியாது. அவர் பப்புவின் கழுத்தைப் பிடிப்பார், பப்பு ராஜுவைப் பிடிப்பான். சிரித்துக்கொண்டே பார்க்கிறோம், ஆனால் என் அலுவலகத்துக்கு வருகிறவர்களில் பலர் ராஜுக்கள். தான் போட்டது போனதைக்கூடத் தாங்கிக்கொள்கிறார்கள். மச்சானும் பக்கத்து வீட்டு அக்காவும் போட்டதுதான் தூங்கவிடுவதில்லை.

படத்தில் ஒரு சின்ன அநியாயம் உண்டு. அந்தக் கம்பெனியின் பெயர் லட்சுமி சிட் ஃபண்ட். பதிவான ஏலச்சீட்டுக்கும் இந்த வித்தைக்கும் சம்பந்தமே இல்லை. சீட்டில் இருபது பேர் கட்டினால் அந்த இருபது பேருக்குள்தான் பணம் சுற்றும். ஏலம் எடுப்பவர் தான் விட்டுக்கொடுக்கும் தள்ளு போக மீதியை எடுப்பார், அந்தத் தள்ளுத் தொகை மற்றவர்களுக்குக் கழிவாகப் பிரியும், நடத்துபவருக்குக் கமிஷன். 1982-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்து, பிணைத்தொகை கட்டி நடத்த வேண்டும். எந்தச் சீட்டும் பணத்தை இரட்டிப்பாக்காது.

இரட்டிப்பு எங்கிருந்து வரும்? பின்னால் வருகிறவர் பணத்திலிருந்துதான். 1920-இல் பாஸ்டன் நகரில் சார்லஸ் பொன்சி 45 நாளில் 50 சதவீத லாபம் என்று சொல்லி நடத்தியதும் இதுவே. மாதம் ஒருமுறை இரட்டிப்பானால் ஒரு லட்சம் ஒரே வருடத்தில் 40 கோடியைத் தாண்டும். 'ஒருத்தர் ஆறு பேரைச் சேர்த்தால் போதும்' என்கிறார்களே, அதையும் கணக்குப் போடுங்கள். பதின்மூன்றாவது அடுக்குக்கு மட்டும் 1,306 கோடி பேர் வேண்டும். உலகத்தில் அத்தனை பேர் இல்லை.

இந்தக் கணக்கு புரியாதவர்கள் ஏமாறுகிறார்கள் என்று நினைக்காதீர்கள். கணக்கு வாத்தியார்களும் வந்திருக்கிறார்கள். முதல் இரண்டு மாதம் சொன்ன தேதியில் பணம் வந்துவிடும், அதற்குப் பிறகு கணக்காவது ஒன்றாவது.

அடையாளங்களை மாற்றிச் சொல்கிறேன். தையல் கடை வைத்திருக்கும் ஓர் அம்மா ஒரு ஃபைலோடு வந்தார். கம்பெனிப் பதிவுச் சான்றிதழ், ஜிஎஸ்டி எண், பான், முத்திரைத்தாள் ஒப்பந்தம் எல்லாம் லேமினேஷன் போட்டு இருந்தன.

"இவ்வளவு பக்காவா இருக்கே சார், அரசாங்கமே பதிவு பண்ணிக் குடுத்திருக்கே?"

"கம்பெனி ஆரம்பிக்கத்தாம்மா பதிவு. ஊர்ல டெபாசிட் வாங்க அனுமதி எங்க?"

அது ஃபைலில் இல்லை. "டிடிஎஸ்கூட பிடிச்சாங்க சார்" என்றார். அதாவது பணம் தரும்போதே பிடித்துக் கட்டும் வரி. யார் எதற்காக அந்த வரியைப் பிடித்தார்கள் என்று காட்டும் வருமான வரித்துறைப் பட்டியலான அவருடைய 26ஏஎஸ்-ஐ எடுத்துப் பார்த்தேன். அந்தக் கம்பெனி பெயரில் வரி பிடித்தது உண்மை, ஆனால் கமிஷன் என்ற தலைப்பில். கம்பெனி நேர்மையானது என்பதற்கு அவர் காட்டிய ஆதாரம், அவர் ஆள் சேர்த்துச் சம்பாதித்தார் என்பதற்கான அரசாங்கப் பதிவாக இருந்தது. 'டவுன்லைன்' (அவருக்குக் கீழே சேர்ந்தவர்கள்), 'பேர் மேட்ச்' (ஜோடி ஜோடியாக ஆள் சேர்த்ததற்கான கமிஷன்) என்று ஆப்பில் வண்ணமாகத் தெரிந்ததெல்லாம் அங்கே வெறும் எண்கள்.

சட்டம் இங்கே கறாரானது. ஆள் சேர்ப்பதை வைத்துப் பணம் தருவதாகச் சொல்லும் பணச்சுழற்சித் திட்டங்களைத் தடை செய்யும் 1978-ஆம் ஆண்டுச் சட்டம் நடத்துபவரோடு நிற்பதில்லை. அதில் உறுப்பினராகச் சேருவதும் பணம் அனுப்புவதும்கூடத் தடை. முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்களுக்கான 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, தெரிந்தே பொய் சொல்லி இன்னொருவரை முதலீடு செய்யத் தூண்டினால் ஓராண்டு முதல் ஐந்தாண்டு வரை சிறை. 'நானும்தானே போட்டேன்' என்பது பரிதாபத்தை வாங்கித் தரும், பொறுப்பிலிருந்து முழுசாக விடுவிக்காது.

பணம் திரும்பி வருமா என்பதுதான் எல்லோரும் கேட்பது. மக்களிடம் டெபாசிட் வாங்கி ஏமாற்றிய திருப்பூர் பாசி நிறுவனம் 2009-இல் கவிழ்ந்தது. கோவை நீதிமன்றம் இயக்குநர்களுக்கு 27 ஆண்டு சிறை விதித்தது 2022-இல். தண்டனைக்கே அத்தனை வருடம் என்றால், முடக்கிய சொத்தை விற்றுப் பங்கு பிரிக்க எவ்வளவு ஆகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

போடுவதற்கு முன்பு ரிசர்வ் வங்கியின் சச்சேத் இணையதளத்தில் டெபாசிட் வாங்க அனுமதி உள்ளதா என்று பாருங்கள். சீட்டாக இருந்தால் பதிவுத்துறையில் கேளுங்கள். ஏற்கெனவே போட்டு மாட்டியிருந்தால் பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் கொடுங்கள். 'கேஸ் போட்டால் கம்பெனி தராது, கொஞ்சம் பொறுங்கள்' என்று அப்லைன், அதாவது உங்களைச் சேர்த்துவிட்டவர், சொல்வதை நம்பித் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் அவர்கள் சொத்தை மாற்றிக்கொள்ளக் கிடைக்கும் அவகாசம். வாட்ஸ்அப் குழுவிலிருந்து வெளியேறும் முன் செய்திகளையும் வங்கிக் கணக்கு விவரங்களையும் சேமித்துக்கொள்ளுங்கள். நீங்கள் சேர்த்துவிட்டவர்கள் இருந்தால் அவர்களையும் கூட்டிக்கொண்டு போய்ப் புகார் கொடுங்கள். அவர்கள் தனியாகப் போனால் அந்தப் புகாரில் உங்கள் பெயர் வேறு இடத்தில் இருக்கும்.