நரம்பில் ஓடுவது மின்சாரம்தானா?

நரம்பில் மின்சாரம் ஓடுகிறது என்று பள்ளியில் படித்திருப்போம். பாதிதான் சரி. நரம்புச் செய்தியின் வேகத்தை அளக்கவே முடியாது என்று கருதியவர் ஜெர்மானிய அறிஞர் யோஹன்னஸ் முல்லர். அவருடைய மாணவர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1850இல் தவளையின் கால் நரம்பில் அளந்தே காட்டினார்: நொடிக்கு ஏறத்தாழ 27 மீட்டர். மணிக்கு 100 கிலோமீட்டர்கூட இல்லை!

காரணம், செய்தி கம்பிக்குள் போவதுபோல் ஒரே பாய்ச்சலாகப் போவதில்லை. வழிநெடுக ஒவ்வோர் இடத்திலும் புதிதாகப் பிறக்கிறது. சும்மா இருக்கும்போது நரம்பணுவின் உட்புறம் வெளிப்புறத்தைவிட சுமார் 70 மில்லிவோல்ட் எதிர்மின் நிலையில் இருக்கும். வெளியே சோடியம் அதிகம், உள்ளே பொட்டாசியம் அதிகம். சவ்விலுள்ள பம்புகள் 3 சோடியம் அயனிகளை (நேர்மின்னூட்டம் கொண்ட அணுக்களை) வெளியேற்றி 2 பொட்டாசியத்தை உள்ளே இழுத்து இந்த ஏற்றத்தாழ்வைக் காக்கின்றன. மூளை செலவிடும் ஆற்றலில் பெரும்பங்கு இதற்கே போகிறது.

தூண்டல் வந்து மின்னழுத்தம் மைனஸ் 55 மில்லிவோல்ட் வாக்கில் ஏறியதும் சோடியம் கால்வாய்கள், அதாவது சவ்வில் சோடியம் நுழைவதற்கென்றே உள்ள நுண்துளைகள், சட்டென்று திறக்கின்றன. சோடியம் உள்ளே பாய்கிறது, மைனஸ் பிளஸ்ஸாகிறது. ஒரு மில்லிநொடிக்குள் அவை அடைபட, பொட்டாசியம் வெளியேறி நிலைமை பழையபடி ஆகிறது. அதற்குள் பக்கத்துக் கால்வாய்கள் திறந்திருக்கும். சரவெடி மாதிரிதான்: கடைசி வெடியும் முதல் வெடியின் அதே சத்தத்துடன் வெடிக்கும். இப்போதுதான் அடைபட்ட கால்வாய் உடனே திறக்காது என்பதால் செய்தி பின்னோக்கித் திரும்புவதில்லை. பல் பிடுங்கும்போது போடும் லிக்னோகெயின் ஊசி இந்தச் சோடியம் கால்வாய்களைத்தான் அடைக்கிறது.

இதையெல்லாம் கண்டுபிடிக்க உதவியது ஊசிக்கணவாய் என்ற கடலுயிரி. அதன் ராட்சத நரம்பிழை அரை மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். 1939இல் இங்கிலாந்தின் பிளைமவுத்தில் ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற இரு ஆங்கிலேய அறிஞர்கள் அதற்குள் மின்முனையை நுழைத்து அளந்தார்கள். நடுவில் போர் வந்துவிட்டது. 1952இல்தான் முழுக் கணக்கும் வெளியானது, 1963இல் நோபல்.

இழை தடித்தால் வேகம் கூடும். கணவாய் பிடித்த வழி அது. ஆனால் நம் நரம்பிழைகள் எல்லாம் அவ்வளவு தடித்தால் உடம்பில் இடம் ஏது? நமக்கு மயலின் என்ற கொழுப்புறை வாய்த்தது. உறையில் விட்டுவிட்டு இருக்கும் இடைவெளிகளில் மட்டும் செய்தி புதுப்பிக்கப்படுகிறது. கணவாய் இழையைவிடப் பல மடங்கு மெல்லிய இழையிலேயே நொடிக்கு 120 மீட்டர் வரை போய்விடலாம்.

எல்லா இழைகளுக்கும் உறை கிடையாது. மந்தமான வலியைச் சொல்பவை உறையில்லாதவை, நொடிக்கு ஒரு மீட்டர் அளவில் நகர்பவை. கால் விரலை இடித்துக்கொண்டால் முதலில் 'சுள்'ளென்று ஒரு வலி, அப்புறம் ஒரு நொடி கழித்து விண்விண்ணென்று இன்னொன்று வருவது இதனால்தான்.