ஹோஸின் கடைசி மூடியைக் கழற்றிப் பாருங்கள்

கல்குடாப் பக்கம் ஒரு விடுதித் தோட்டம். சுத்திகரித்த கழிவுநீரைச் சொட்டுநீர் ஹோஸில் விட்டுத் தென்னங்கன்றும் பூமரங்களும் வளர்க்கிறார்கள். "முதல்ல நல்லாத்தான் சொட்டிச்சு சேர், மறுகா கடைசி ரெண்டு வரிசையும் காயத் தொடங்கிட்டு" என்றார் தோட்டக்காரர்.

ஹோஸின் கடைசி மூடியைக் கழற்றினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. அப்புறம் களி மாதிரிக் கறுப்பாக ஒரு கட்டி வந்து விழுந்தது. கூமுட்டை நாற்றம்!

அந்த வழுவழுப்பு, பற்றீரியாக்கள் குழாய்க்குள் கட்டிக்கொண்ட படலம். பார்வைக்குத் தெளிந்த நீரிலும் அவற்றுக்குத் தீனி இருக்கிறது. படலத்தில் தூசு ஒட்ட ஒட்ட, சொட்டும் துவாரம் அடைபடும். நீரில் மிதக்கும் துகள் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்குள் இருந்தால் பயம் குறைவு. 100ஐத் தாண்டினால் வில்லங்கம்தான். இங்கே சுத்திகரிப்பு ஆலையிலிருந்து வந்த நீரில் பிழை இல்லை. சேமிப்புத் தொட்டி திறந்து கிடந்து பாசி பிடித்திருந்தது, வடிகட்டியை மாதக்கணக்கில் யாரும் கழுவவில்லை. தொட்டியை மூடினோம். 120 மெஷ், அதாவது அங்குலத்துக்கு 120 கண் உள்ள தட்டு வடிகட்டி பூட்டினோம். ஹோஸின் கடைசியிலும் லீற்றருக்கு 1 மில்லிகிராம் குளோரினாவது மிஞ்சும்படி அளவு வைத்தோம். வாரம் ஒருதரம் கடைசி மூடிகளைத் திறந்து, தெளிவாக வரும்வரை ஓடவிடச் சொன்னேன். காசே செலவாகாத வேலை இதுதான். முதலில் கைவிடுவதும் இதைத்தான்.

வேலிக்கு அப்பால் நின்ற ஐயா ஒருவர், "இந்தத் தண்ணிய மிளகாய்க்கு விடலாமா தம்பி?" என்று கேட்டார். விடலாம். ஹோஸ் வேரடியில் கிடக்கும், காய் மேலே தொங்கும், நீர் காயில் படாது. ஆனால் பச்சையாகச் சம்பல் போடும் வல்லாரைக்கு வேண்டாம் என்றேன். 100 மில்லிலீற்றரில் மலக் கோலிபோம் (மலத்தோடு வரும் பற்றீரியா) 1,000க்கு மேல் இருக்கக்கூடாது, குடற்புழு முட்டை லீற்றருக்கு ஒன்றைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் 1989இல் பச்சையாக உண்ணும் பயிருக்கு வைத்த அளவு. பரிசோதனை அறிக்கை கையில் இல்லாமல் நான் அதற்குச் சம்மதிப்பதில்லை. மலக்குழியில் உறிஞ்சிய நீருக்கோ, எந்தப் பயிரானாலும் பேச்சே இல்லை.

யூரியாவையும் குறைக்கச் சொன்னேன். லீற்றருக்கு 20 மில்லிகிராம் நைதரசன் உள்ள நீரென்றால், 1,000 கன மீற்றர் பாய்ச்சும்போது 20 கிலோ நைதரசன் மண்ணில் இறங்கும். அது 43 கிலோ யூரியாவுக்குச் சமம். நம் கரையோர மணலில் பயிர் எடுத்தது போக மிச்சம் நேரே கிணற்றுக்குத்தான் வடியும்.

ஐயாவின் கிணறு வேலியிலிருந்து பத்தடிகூட இல்லை. நைதரசன் மண்ணில் மாறி உண்டாகும் நைத்திரேற்றுப் பார்க்க ஒரு போத்தல் தண்ணீர் அள்ளிக்கொண்டு திரும்பினேன்.