தலை குனியும் லென்ஸ்

சேலத்திலிருந்து வாசகர் ஒருவர் கேட்கிறார்: "பழைய ஸ்டூடியோ ஒன்றைக் காலி செய்கிறார்கள். தேக்கு மரமும் பித்தளையுமாக, பெல்லோஸ் என்னும் மடிப்புத் துருத்தி வைத்த பெரிய ஃபிலிம் கேமரா ஒன்று விலைக்கு வருகிறது. ஏற்காட்டில் இயற்கைக் காட்சி எடுக்க ஆசை. வாங்கலாமா?"

வாங்கலாம். ஆனால் பித்தளைப் பளபளப்பில் மயங்கும் முன், லென்ஸ் பொருத்திய முன்பலகை முன்னும் பின்னும் சாய்கிறதா என்று ஆட்டிப் பாருங்கள். அது சாயாவிட்டால் பின்பலகையாவது சாய வேண்டும். இரண்டுமே அசையாத கேமரா ஷோகேஸுக்குத்தான் லாயக்கு. பெட்டியில் கேரளத்து ஆலப்புழையில் செய்த பழைய மரக் கேமராவான வாகீஸ்வரியின் பெயர் பொறித்திருந்தால் விற்பவர் விலையை ஏற்றுவார். அப்போதும் இதே சோதனைதான்.

சாய்வுக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம்? பிளஸ் டூ செய்முறையில் லென்ஸை மேசைமேல் செங்குத்தாக நிறுத்தி, பொருளின் தூரத்தையும் பிம்பத்தின் தூரத்தையும் அளந்திருப்போம். அந்த லென்ஸைச் சற்றுச் சாய்த்தால் என்ன ஆகும் என்று எந்த ஆசிரியரும் காட்டுவதில்லை. ஒளியியலின் அழகான பகுதியே பாடத்திட்டத்துக்கு வெளியே நிற்கிறது!

லென்ஸும் ஃபிலிமும் இணையாக இருக்கும்போது, தெளிவாக விழும் தளமும் அவற்றுக்கு இணையாகச் செங்குத்தாகவே நிற்கும். சேர்வராயன் கோயில் மலையுச்சிச் சமவெளியில் கேமராவை நிறுத்துகிறீர்கள். காலடிப் புல்லும் வேண்டும், அடிவானத்து மலையும் வேண்டும். 4×5 அங்குல ஃபிலிமுக்கு வழக்கமான 150 மி.மீ. லென்ஸில், எஃப்/22 என்னும் சிறு திறப்பில் (எண் கூடக் கூடத் திறப்பு சுருங்கும்) ஃபோகஸை எவ்வளவு சாமர்த்தியமாக வைத்தாலும் ஏறத்தாழ 5 மீட்டருக்கு அப்பால்தான் தெளிவு கிடைக்கும். எஃப்/64 வரை மூடினாலும் 1.75 மீட்டருக்கு இப்பால் மங்கல்தான். காற்றில் ஆடும் புல்லுக்கு அத்தனை நீண்ட எக்ஸ்போஷரும் ஆகாது.

இப்போது லென்ஸைத் தலை குனிய வையுங்கள். ஃபிலிம் தளம், லென்ஸ் தளம், தெளிவுத் தளம் மூன்றையும் மனத்தில் நீட்டிக்கொண்டே போனால், மூன்றும் கேமராவுக்குக் கீழே ஒரே கோட்டில் சந்திக்கும். ஆஸ்திரிய ராணுவ கேப்டன் தியோடோர் ஷைம்ப்ஃப்ளுக், வானிலிருந்து எடுத்த கோணல் படங்களை நேராக்க வழி தேடியவர், 1904-இல் பெற்ற பிரிட்டிஷ் காப்புரிமையில் இதை விளக்கினார். 1901-லேயே பிரான்ஸின் ஜூல் கார்பான்டியே இதைத் தொட்டுவிட்டார் என்பதையும் ஷைம்ப்ஃப்ளுக்கே ஒப்புக்கொண்டார். ஆனாலும் விதி அவர் பெயரில்தான் நிலைத்தது.

எவ்வளவு சாய்ப்பது? லென்ஸுக்கு நேர்கீழே, தெளிவுத் தளம் எப்போதும் கடந்துபோகும் இன்னொரு கோடு இருக்கிறது; அது தரையில் படிய வேண்டும். அதன் ஆழம் என்பது குவியத் தூரத்தைச் சாய்வுக் கோணத்தின் சைனால் வகுத்தால் வருவது. லென்ஸ் தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் இருந்தால், 150-ஐ 1500-ஆல் வகுக்க 0.1, கோணம் 5.7 டிகிரி. ஆறு டிகிரிகூட இல்லை! அவ்வளவு குனிந்தாலே தெளிவு புல்தரைமேல் படுத்துக்கொள்கிறது.

இனிமேல் ஃபோகஸ் திருகாணியின் வேலையே மாறிவிடுகிறது. அதைத் திருகினால் தெளிவுத் தளம் முன்னும் பின்னும் நகராது; கீலில் மாட்டிய கதவைப்போல அந்தக் கோட்டைச் சுற்றித் திரும்பும். பெல்லோஸை நீட்டினால் தளத்தின் தூர முனை மேலே எழும், சுருக்கினால் கீழே தாழும். அதனால் முதலில் தூரத்து மலையைத் திருகாணியால் ஃபோகஸ் செய்து, பிறகு காலடிப் புல்லைச் சாய்வால் கொண்டுவாருங்கள். ஒன்றைச் சரிசெய்தால் மற்றது கொஞ்சம் விலகும். இரண்டு மூன்று சுற்றில் படிந்துவிடும்.

தெளிவின் தடிமனும் இப்போது ஆப்பு வடிவம். அதே சாய்வில், எஃப்/22-இல், கேமராவிலிருந்து 2 மீட்டரில் தளத்துக்கு மேலே 30 செ.மீ.தான் தெளிவு, 10 மீட்டரில் 1.5 மீட்டர். ஆகவே காப்பித் தோட்டத்துக்குள் இந்த வித்தை பலிக்காது. பக்கத்தில் நிற்கும் சில்வர் ஓக்கின் உச்சியும் அதில் ஏறிய மிளகுக் கொடியும் மங்கிவிடும். அங்கே சாய்வை எடுத்துவிட்டு எஃப்/45-க்குப் போவதே நல்லது. முன்பலகை சாயாத கேமராவில் பின்பலகையின் மேல்முனையைப் பின்னால் சாய்த்தும் இதையே சாதிக்கலாம்; காலடிக் கல் மட்டும் பூதாகரமாகத் தெரியும்.

மற்ற சோதனைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இருட்டறையில் பெல்லோஸுக்குள் டார்ச் அடித்து, மடிப்பு முனைகளைப் பாருங்கள். ஊசித்துளை இரண்டு மூன்று என்றால் கறுப்புத் துணிப் பெயின்ட் போதும். மடிப்பெல்லாம் நட்சத்திரமாக மின்னினால் விலையில் புது பெல்லோஸைக் கழியுங்கள். ஃபிலிம் மாட்டும் ஹோல்டரையும் அளந்துவிடுங்கள். ஸ்டூடியோக் கேமராக்கள் பல ஹாஃப் பிளேட், அதாவது 4¾ × 6½ அங்குலம். அதற்கு ஃபிலிம் தேடி அலைய வேண்டும், 4×5-க்கு அந்தச் சிரமம் குறைவு.

லென்ஸோடு ஷட்டர் இருந்தால் மெதுவான வேகங்கள்தான் முதலில் கெடும். ஒரு விநாடி, அரை விநாடியை எண்ணும் பல்சக்கரங்களில் பழைய எண்ணெய் பிசினாகிவிடும். மொபைலில் 240 பிரேம் ஸ்லோ மோஷன் எடுங்கள்; 1/30 விநாடிக்கு ஷட்டர் 8 பிரேம் திறந்திருக்க வேண்டும். 14 வந்தால் ஏறக்குறைய ஒரு ஸ்டாப் அதிகம், அதாவது கிட்டத்தட்ட இரு மடங்கு ஒளி. தையல் மெஷின் எண்ணெயை மட்டும் விட்டுவிடாதீர்கள்; இதழ்களில் பரவி மொத்தமாக ஒட்டிக்கொள்ளும். ஆயுத பூஜைக்குப் பொட்டு வைப்பதானால் முக்காலிக்கு வையுங்கள். ஷட்டர் விளிம்பில் வைத்த குங்குமம் எந்தச் சாமிக்கும் போய்ச் சேராது, பல்சக்கரத்துக்குத்தான் போகும்.

எல்லாம் சரியாக இருந்தும் படம் சற்றே மங்கலா? ஃபோகஸ் பார்க்கப் பின்பலகையில் மாட்டிய மங்கல் கண்ணாடியை, அதாவது கிரவுண்ட் கிளாஸை, கழற்றிப் பாருங்கள். சொரசொரப்பான பக்கம் லென்ஸைப் பார்க்க வேண்டும். துடைக்கக் கழற்றியவர் திருப்பி மாட்டியிருந்தால், 2 மி.மீ. கண்ணாடியில் ஃபோகஸ் ஏறத்தாழ 1.3 மி.மீ. தவறும். எஃப்/22-இல் அது பாதி மறைந்துவிடும், எஃப்/5.6-இல் காட்டிக்கொடுக்கும். நான்கைந்து தீப்பெட்டிகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சற்று விலக்கி அடுக்கி, நடுப்பெட்டியை ஃபோகஸ் செய்து, முழுத் திறப்பில் ஒரு ஷீட் எடுங்கள். நடுப்பெட்டிக்குப் பின்னால் உள்ளது தெளிவாக விழுந்தால் கிளாஸ் தலைகீழ் என்று அர்த்தம்.

ஏற்காட்டுப் பனியில் குளிர்ந்த லென்ஸைச் சேலம் இறங்கியதும் பையிலிருந்து எடுக்காதீர்கள். சமவெளியின் ஈரக்காற்று கண்ணாடியில் வியர்த்து, பிறகு பூஞ்சைக்கு இடமாகும். பை மூடியபடியே அரை மணி நேரம் கிடக்கட்டும். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் போதும், பாச்சை உருண்டை வேண்டாம்.