பழைய லேப்டாப்பில் கேம் ஏன் திணறுகிறது?

கேமைத் திறந்த முதல் சில நிமிடங்கள் எல்லாம் சீராக ஓடும். அப்புறம் ஃபேன் இரைய ஆரம்பிக்கும், கீபோர்டின் மேல்பகுதி சுடும், காட்சி விட்டுவிட்டு நகரும். கேமை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துத் திறந்தால், மறுபடியும் முதல் சில நிமிடங்கள் நன்றாகவே ஓடும். லேப்டாப்புக்கு வயதாகிவிட்டது என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் அந்த விளக்கம் இங்கே பொருந்தவில்லை. சில்லு தேய்ந்துபோயிருந்தால் முதல் நிமிடத்திலேயே மெதுவாகத்தானே ஓட வேண்டும்?

ப்ராசஸரும் கிராபிக்ஸ் சில்லும் வருடத்துக்கு வருடம் வேகம் குறைந்துகொண்டே போகும் பொருட்கள் அல்ல. வாங்கிய அன்று 2.8 கிகாஹெர்ட்ஸில் ஓடிய சில்லு, இடம் கொடுத்தால் இன்றும் அதே 2.8 கிகாஹெர்ட்ஸில் ஓடும். அந்த இடம்தான் இப்போது கிடைப்பதில்லை. சில்லில் பிறக்கும் வெப்பம் வெளியேறும் பாதை அடைபட்டுப் போயிருக்கிறது. புதிய கேம்கள் கனமாகிவிட்டன என்பது வேறு விஷயம். முன்பு ஒழுங்காக ஓடிய அதே கேம் இப்போது திணறினால், சந்தேகப்பட வேண்டியது முதலில் வெப்பத்தைத்தான்.

வெப்பம் எங்கிருந்து வருகிறது? சில்லுக்குள் இருக்கும் கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் ஒவ்வொரு முறை நிலை மாறும்போதும் கொஞ்சம் மின்னூட்டம் ஏறி இறங்குகிறது. அதற்குச் செலவாகும் ஆற்றல் முழுவதும் கடைசியில் வெப்பமாகிறது. இந்தச் செலவு கடிகார வேகத்துக்கு, அதாவது கிகாஹெர்ட்ஸில் சொல்லும் அந்த வேகத்துக்கு, நேர்விகிதத்தில் கூடும். மின்னழுத்தத்துக்கோ அதன் இருமடியில், அதாவது வர்க்கத்தில் கூடும். மின்னழுத்தத்தை மட்டும் 10 சதவீதம் குறைத்தால் இந்தச் செலவு 19 சதவீதம் குறைகிறது. வேகத்தையும் சேர்த்து 10 சதவீதம் குறைத்தால் மொத்தம் 27 சதவீதம் குறைகிறது. வேகத்தில் பத்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்தால் வெப்பத்தில் கால்பங்குக்கும் மேல் மிச்சம். பழைய லேப்டாப்பில் கேம் விளையாடுகிறவருக்கு இதைவிடப் பயனுள்ள கணக்கு இல்லை. (டிரான்சிஸ்டர் சும்மா இருக்கும்போதும் கசியும் மின்னோட்டம் தனிக்கணக்கு. சூடு ஏற ஏற அதுவும் ஏறும்.)

இந்த வெப்பம் வெளியேறும் வழியைப் பார்ப்போம். சில்லின் மேல் ஒரு செப்புத் தகடு அமர்ந்திருக்கிறது. இரண்டு பரப்புகளும் பார்வைக்கு வழவழப்பாக இருந்தாலும் நுணுக்கமான மேடுபள்ளங்கள் உண்டு. அந்தப் பள்ளங்களில் காற்று நின்றால் வெப்பம் நகராது, ஏனென்றால் காற்று மிக மோசமான வெப்பக்கடத்தி. தெர்மல் பேஸ்ட் அந்த இடத்தை நிரப்புகிறது. நல்ல பேஸ்ட் காற்றைவிட நூறு மடங்குக்கும் மேல் நன்றாக வெப்பத்தைக் கடத்தும். ஆனாலும் செம்போடு ஒப்பிட்டால் பல மடங்கு பின்தங்கியதுதான். அதனால்தான் பேஸ்ட்டைத் தடிமனாக அப்பக் கூடாது. பள்ளங்களை நிரப்பும் அளவுக்கு மெல்லியதாக இருந்தால் போதும்.

செப்புத் தகட்டிலிருந்து ஒரு தட்டையான குழாய் ஃபேன் பக்கம் ஓடுகிறது. அதுதான் ஹீட் பைப். அது உள்ளே முழுக்கச் செம்பு நிறைந்த கம்பி என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது உள்ளீடற்ற குழாய். காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு உள்ளே மிகக் கொஞ்சம் தண்ணீர் விட்டு மூடியிருப்பார்கள். அழுத்தம் குறைவு என்பதால் அந்தத் தண்ணீர் 100 டிகிரிக்கு வெகு கீழேயே ஆவியாகும். சில்லின் பக்கம் ஆவியாகி, குளிர்ந்த முனைக்குப் பாய்ந்து, அங்கே வெப்பத்தை இறக்கிவிட்டு மறுபடி நீராகி, உட்சுவரில் இருக்கும் நுண்துளைப் படலம் வழியாகத் திரும்பி வரும். இந்த வடிவத்தை 1963-ல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் குரோவர் செய்து காட்டினார். விண்வெளிக் கருவிகளில் பயன்பட்டுவந்த அந்த நுட்பம் இன்று உங்கள் மடியில் இருக்கிறது. அதில் அசையும் பாகம் எதுவும் இல்லை, எளிதில் கெட்டும் போகாது.

கெட்டுப்போவது அதன் இரு முனைகளும்தான். குளிர்ந்த முனையில் நெருக்கமான உலோகத் தகடுகள் இருக்கும். ஃபேன் தள்ளும் காற்று அவற்றின் இடுக்கு வழியாக வெளியேற வேண்டும். சில வருடங்களில் தூசியும் நூல்துணுக்கும் சேர்ந்து அங்கே கம்பளித் துணி போல ஒரு படலம் உருவாகிவிடும். இந்தப் படலம் ஃபேனுக்கும் தகடுகளுக்கும் நடுவில், உட்பக்கமாக இருக்கிறது. வெளித்துளையைத் துடைத்துவிட்டுச் சுத்தமாகிவிட்டது என்று நினைத்தால் ஒன்றும் நடந்திருக்காது. பின்மூடியைக் கழற்றி, முதலில் பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, ஃபேனைக் கழற்றிப் பார்த்தால்தான் அது கண்ணில் படும். காற்றடித்துச் சுத்தம் செய்பவர்கள் ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். காற்றின் வேகத்தில் அது அளவுக்கு மீறிச் சுழன்றால் பேரிங் போய்விடும்.

சூடான முனையில் பிரச்சினை பேஸ்ட். அது காய்ந்து போவது ஒன்று. அதைவிட முக்கியமானது, அது மெல்ல மெல்லப் பிதுங்கி வெளியேறுவது. சில்லும் செம்பும் சூட்டில் வெவ்வேறு அளவில் விரிகின்றன. சூடாகி ஆறி, சூடாகி ஆறி, ஒவ்வொரு முறையும் பேஸ்ட் கொஞ்சம் ஓரத்துக்குத் தள்ளப்படுகிறது. லேப்டாப்பில் பெரும்பாலும் சில்லின் மேல் உலோக மூடி கிடையாது, தகடு நேரடியாகச் சிலிக்கான் மேலேயே அமர்கிறது; அதனால் இந்தப் பிதுங்கல் இங்கே அதிகம். புதிதாகப் பூசிய பேஸ்ட்டே சில மாதங்களில் பலன் குறைந்துவிட்டது என்று சிலர் சொல்வதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். கெட்டியான, எளிதில் வழியாத பேஸ்ட் லேப்டாப்புக்கு நல்லது. சூடானதும் இளகிப் பரவி, ஆறியதும் இறுகும் தாள்களும் கிடைக்கின்றன. ஹனிவெல்லின் பிடிஎம்7950 அப்படிப்பட்டது. சுமார் 45 டிகிரியில் இளகத் தொடங்கும். நான் கேட்டால் பேஸ்ட்டைவிட அதையே சொல்வேன்.

சரி, பாதை அடைபட்டால் என்ன ஆகிறது? ப்ராசஸரின் வெப்பநிலை 95 முதல் 105 டிகிரி செல்சியஸ் வரையிலான அதன் எல்லையைத் தொட்டதும், தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆறியதும் ஏற்றும், சுட்டதும் இறக்கும். விளையாடுகிறவருக்கு அது விட்டுவிட்டு வரும் திணறலாகத் தெரிகிறது.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. பல லேப்டாப்களில் ப்ராசஸரும் கிராபிக்ஸ் சில்லும் ஒரே ஹீட் பைப்பைப் பகிர்ந்துகொள்கின்றன. ப்ராசஸர் டர்போ வேகத்துக்கு, அதாவது அடிப்படை வேகத்தைத் தாண்டிய தற்காலிக வேகத்துக்கு, தாவி அந்தப் பைப்பைச் சூடாக்கினால், தண்டனை பக்கத்தில் இருக்கும் கிராபிக்ஸ் சில்லுக்கும் சேர்த்துத்தான். பெரும்பாலான கேம்களில் வேலைச்சுமை கிராபிக்ஸ் சில்லின் மேல்தான் அதிகம். ஆகவே ப்ராசஸரை அடக்கினால் கேம் வேகமாக ஓடும் வினோதம் நடக்கிறது. விண்டோஸின் பவர் ஆப்ஷன்ஸில் 'மேக்ஸிமம் ப்ராசஸர் ஸ்டேட்' என்பதை 100-லிருந்து 99 ஆக்கினால் பெரும்பாலான லேப்டாப்களில் டர்போ நின்றுவிடும். ஒரே ஒரு சதவீதம் குறைத்ததுபோலத் தெரிந்தாலும், அடிப்படை வேகத்துக்கு மேல் தாவுவதே நின்றுபோகிறது. வெப்பநிலை சட்டென்று இறங்கும். திருகாணி எதையும் தொடாமல் செய்யக்கூடிய சோதனை இது, பிடிக்காவிட்டால் திரும்ப 100 ஆக்கிவிடலாம்.

வேகத்தைக் குறைக்காமல் மின்னழுத்தத்தை மட்டும் குறைப்பது, அதாவது அண்டர்வோல்ட், இன்னும் நல்ல வழி. தயாரிப்பாளர்கள் எல்லாச் சில்லுகளுக்கும் பொருந்தும்படி கொஞ்சம் கூடுதலாகவே மின்னழுத்தம் வைக்கிறார்கள். உங்கள் சில்லுக்கு அவ்வளவு தேவைப்படாமல் இருக்கலாம். ஆனால் 2019 டிசம்பரில் பிளண்டர்வோல்ட் என்ற பாதுகாப்புக் குறைபாடு வெளியானது. மின்னழுத்தத்தை மென்பொருள் மூலம் மாற்றி, இன்டெல் ப்ராசஸரின் பாதுகாக்கப்பட்ட பகுதியைத் தாக்க முடியும் என்று ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதற்குப் பிறகு வந்த பயாஸ் (லேப்டாப்பைத் துவக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட்களில் பல லேப்டாப்களுக்கு இந்த வசதி பூட்டப்பட்டுவிட்டது. தனி கிராபிக்ஸ் சில்லில் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் போன்ற மென்பொருட்களால் இன்னும் முயன்று பார்க்கலாம்.

வெப்பம் சரியானாலும் கேம் மெதுவாக இருந்தால், தடை யாருடையது என்று கண்டுபிடிக்க வேண்டும். நொடிக்கு 60 ஃப்ரேம் வேண்டுமென்றால் ஒவ்வொரு ஃப்ரேமையும் 16.7 மில்லி விநாடியில் முடிக்க வேண்டும். அந்த நேரத்துக்குள் ப்ராசஸர் எது எங்கே இருக்கிறது என்று கணக்கிட்டுக் கொடுக்க, கிராபிக்ஸ் சில்லு அதை வரைகிறது. இருவரில் மெதுவானவர் எவரோ அவர் வேகம்தான் கேமின் வேகம். கண்டுபிடிப்பது சுலபம்: ரெசல்யூஷனை 1920×1080-லிருந்து 1280×720 ஆக்கிப் பாருங்கள். வரைய வேண்டிய புள்ளிகள் சுமார் 20.7 லட்சத்திலிருந்து 9.2 லட்சமாகக் குறைகின்றன. எஃப்பிஎஸ், அதாவது நொடிக்கு வரும் ஃப்ரேம்களின் எண்ணிக்கை, நன்றாக ஏறினால் தடை கிராபிக்ஸ் சில்லில். அசையவே இல்லை என்றால் ப்ராசஸரில்.

இந்தச் சோதனையைச் செய்யாமல் எல்லாச் செட்டிங்கையும் 'லோ'வில் தள்ளுவது வீண். ப்ராசஸர்தான் தடை என்றால் காட்சித் தூரம், கூட்டத்தின் அடர்த்தி போன்றவற்றைக் குறைக்க வேண்டும். ரெசல்யூஷனைக் குறைத்துக் காட்சியை மங்கலாக்கிப் பயனில்லை. கிராபிக்ஸ் சில்லு தடை என்றால் ஷேடோ, பிரதிபலிப்பு, ரெசல்யூஷன் ஆகியவற்றில் கைவைக்கலாம். குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து பெரிதாக்கும் ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர் 2021-ல் வந்தது. அதன் முந்தைய பதிப்புகள் பழைய கிராபிக்ஸ் கார்டுகளிலும், வேறு நிறுவனத்தின் கார்டுகளிலும்கூட ஓடும் என்பது அதன் பெருந்தன்மை.

டெக்ஸ்ச்சர், அதாவது பொருட்களின் மேற்பரப்பில் போர்த்தப்படும் படங்கள், அவற்றின் தரம் மட்டும் வேறு மாதிரி. கார்டின் சொந்த நினைவகத்தில் இடம் இருக்கும்வரை அது வேகத்தை ஏறக்குறையத் தொடுவதில்லை. இடம் தீர்ந்த நொடியில் எல்லாம் சரிகிறது. என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1050 கார்டு தன் நினைவகத்தை நொடிக்கு 112 ஜிபி வேகத்தில் படிக்கும். நிரம்பி வழிந்தது பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0 பாதை வழியாகக் கணினியின் ரேமிலிருந்து வர வேண்டும். அந்தப் பாதை முழு அகலத்தில் இருந்தாலும் நொடிக்கு 16 ஜிபிக்கு மேல் கிடைக்காது, லேப்டாப்பில் பல நேரம் அதைவிடக் குறுகியது. 2 ஜிபி கார்டு வைத்திருப்பவர்கள் முதலில் குறைக்க வேண்டியது டெக்ஸ்ச்சரைத்தான்.

தனி கார்டே இல்லாத லேப்டாப் என்றால் கதை ரேமுக்கு வருகிறது. உள்ளிணைந்த கிராபிக்ஸுக்குச் சொந்த நினைவகம் கிடையாது, ப்ராசஸரோடு ரேமைப் பங்குபோட்டுக்கொள்கிறது. டிடிஆர்4-2400 ரேம் ஒரே ஒரு அட்டையாக இருந்தால் உச்சமாக நொடிக்கு 19.2 ஜிபி. அதே ரேமை இரண்டு அட்டைகளாகப் போட்டால் 38.4 ஜிபி. எட்டு ஜிபியை ஒரே அட்டையாக வைத்திருப்பவர் இன்னொரு எட்டு ஜிபி சேர்க்கும்போது கிடைக்கும் வேகத்தில் பெரும்பங்கு அளவால் வருவதல்ல, இந்த இரட்டைப் பாதையால் வருவது. உள்ளிணைந்த கிராபிக்ஸுக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை.

இன்னும் ஹார்ட் டிஸ்க்கில் கேம் வைத்திருப்பவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நிமிடத்துக்கு 5400 முறை சுழலும் தட்டு ஒரு சுற்றுக்கு 11.1 மில்லி விநாடி எடுக்கிறது. வேண்டிய தரவு அதைப் படிக்கும் தலைக்கு அடியில் வரச் சராசரியாக அரைச் சுற்றுக் காத்திருக்க வேண்டும். அதோடு தலை நகரும் நேரமும் சேர்ந்தால் ஒரே ஒரு தேடலிலேயே ஒரு ஃப்ரேமின் 16.7 மில்லி விநாடி போய்விடும். திறந்தவெளி கேம்களில் புதிய தெருவுக்குள் நுழையும்போது வரும் அந்தத் தடுக்கல் பல நேரம் இதுதான். சுழலும் தட்டே இல்லாத எஸ்எஸ்டி போட்டால் சராசரி எஃப்பிஎஸ் ஏறாது, ஆனால் தடுக்கல் போகும். கேம் திறக்க எடுக்கும் நேரமும் குறையும்.

சராசரி எஃப்பிஎஸ் எண்ணை நான் அவ்வளவாக நம்புவதில்லை. 55-க்கும் 30-க்கும் நடுவில் ஊசலாடுவதைவிட, 30-ல் பூட்டி வைத்த கேம் கண்ணுக்கு இதமானது. பூட்டினால் கிராபிக்ஸ் சில்லு ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் பிறகு சற்று ஓய்வெடுக்கிறது. சூடு குறைகிறது, அதனால் இரண்டு மணி நேரம் கழித்தும் அதே 30 கிடைக்கிறது. 60 ஹெர்ட்ஸ் திரையில் 30 சரியாகப் பொருந்தும். 40 அல்லது 45 பொருந்தாது, சில ஃப்ரேம் ஒரு முறையும் சில இரண்டு முறையும் காட்டப்படும்.

ஒரே சொடுக்கில் கேமை வேகமாக்குவோம் என்று வரும் பூஸ்டர் மென்பொருட்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ரேமைக் காலி செய்கிறேன் என்று அவை வெளியேற்றும் தரவை கேம் திரும்பவும் டிஸ்க்கிலிருந்து படிக்க வேண்டியிருக்கும். பின்னணியில் ஓடும் பிரவுசரை நீங்களே மூடிவிடலாம்.

சார்ஜர் விஷயம் மட்டும் கவனிக்கத்தக்கது. பேட்டரியில் ஓடும்போது லேப்டாப் சில்லுகளின் மின்வரம்பைக் குறைத்துவிடும், அது தெரிந்ததுதான். சில மாடல்களில் சார்ஜர் செருகியிருந்தாலும் உச்ச சுமையின்போது பேட்டரியும் கைகொடுக்கிறது. பேட்டரி தளர்ந்துபோனால் அந்தக் கூடுதல் மின்சாரம் கிடைக்காமல் வேகம் சரியும். பழைய சார்ஜருக்குப் பதில் குறைந்த வாட் சார்ஜர் வாங்கியவர்களுக்கும் இதே நிலைதான். வெப்பநிலை 70 டிகிரியிலேயே இருக்க, வேகம் மட்டும் விழுகிறது என்றால் இந்தப் பக்கம் பாருங்கள்.

இத்தனைக்கும் அடங்காத ஒரு தடை உண்டு. சில புதிய கேம்கள் ஏவிஎக்ஸ்2 என்ற கட்டளைத் தொகுப்பைக் கட்டாயம் எதிர்பார்க்கின்றன. இன்டெலில் அது 2013-ல் ஹாஸ்வெல் தலைமுறையோடுதான் வந்தது; பின்னால் வந்த சில மலிவு பென்டியம், செலரான் ப்ராசஸர்களில்கூட அது இல்லை. அங்கே கேம் மெதுவாக ஓடுவதில்லை, திறக்கவே திறக்காது. காசு கொடுப்பதற்கு முன் குறைந்தபட்சத் தேவைகளில் ப்ராசஸரின் பெயர் இருக்கும் வரியைப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.