ரெக்கார்டர் ஓடாத பேட்டி

நிருபரான என்னை விருந்துகளில் பேசக் கூப்பிடுவார்கள். அங்கே இருபது வருடமாக ஒரு கதையைச் சொல்லிவந்தேன். அப்போது உச்சத்தில் இருந்த ஒரு நடிகரைப் பேட்டி எடுக்கப் போகிறேன். முக்கால் மணி நேரம் மனிதர் மனம்விட்டுப் பேசுகிறார். நான் நன்றி சொல்லி எழும்போது, "தம்பி, உங்க ரெக்கார்டர்ல சிவப்பு லைட் ஆரம்பத்திலேருந்தே எரியல. நீங்க அவ்வளவு ஆர்வமா தலையாட்டினீங்களா, கெடுக்க மனசு வரல" என்கிறார். விருந்து முடிந்து பேச எழுந்த எந்த அரங்கிலும் இந்த இடத்தில் சிரிப்பு தப்பியதே இல்லை.

வீடு மாறும்போது அந்த வருடத்துக் குறிப்பேடு கையில் சிக்கியது. பேட்டி நடந்தது மொத்தம் பன்னிரண்டு நிமிடம். ரெக்கார்டர் ஓடவில்லை என்று கண்டுபிடித்தவர் என்னோடு வந்த புகைப்படக்காரர். நடிகர் சொன்னது ஒரே வாக்கியம்: "அப்ப திரும்பச் சொல்லணுமா?" சொல்லிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார் என்றும் எழுதி வைத்திருக்கிறேன்.

பொய் சொல்ல வேண்டும் என்று நான் ஒரு நாளும் உட்கார்ந்து திட்டமிடவில்லை. இப்படி விருந்துகளில் பேசப் போகிற நிருபர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமே அதுதான். கதையைத் திருத்துவது நாம் அல்ல, சிரிப்பு. ஒரு முறை வாய்தவறி "அரை மணி நேரம்" என்று சொல்கிறோம், கூடுதலாக நாலு பேர் சிரிக்கிறார்கள். அடுத்த முறை அது நினைவிலேயே அரை மணி நேரமாகிவிடுகிறது. புகைப்படக்காரரை யாருக்கும் தெரியாது, அவரை அறிமுகப்படுத்த இரண்டு வாக்கியம் செலவாகிறது. எனவே அவர் வசனம் மெல்ல நடிகரின் வாய்க்குப் போய்விடுகிறது. யாரோ சொன்ன நல்ல வரியெல்லாம் கடைசியில் பெரிய மனிதர் பெயரில் போய் ஒட்டிக்கொள்ளும் இந்தப் பழக்கத்துக்கு, பிரிட்டிஷ் ஒலிபரப்பாளர் நைஜல் ரீஸ் 'சர்ச்சிலியன் ட்ரிஃப்ட்' (சர்ச்சில் பக்கம் ஒதுங்குவது) என்று பெயரே வைத்திருக்கிறார். சர்ச்சில் சொன்னதாகச் சுற்றும் வரிகளில் பலவற்றை அவர் சொல்லவே இல்லை.

சிரிப்பை நம்பவும் கூடாது. ராபர்ட் ப்ரோவைன் என்ற நரம்பியல் ஆய்வாளர் சிரிப்பையே ஆராய்ந்தவர். தனியாக இருக்கும்போது சிரிப்பதைவிட, கூட இன்னொருவர் இருக்கும்போது மனிதர்கள் 30 மடங்கு அதிகம் சிரிக்கிறார்கள் என்பது அவர் கணக்கு. வயிறு நிறைந்து, பக்கத்தில் நண்பர்கள் உட்கார்ந்திருக்கும் கூட்டம் சிரிக்கத் தயாராகவே இருக்கிறது. அந்தச் சிரிப்பில் பாதி நமக்குச் சேர வேண்டியதல்ல.

இதில் என்ன வந்துவிட்டது, விருந்துப் பேச்சுதானே என்று தோன்றலாம். அமெரிக்கத் தொலைக்காட்சிச் செய்தியாளர் பிரையன் வில்லியம்ஸுக்கு நடந்ததைப் பாருங்கள். 2003இல் இராக்கில் அவர் ஹெலிகாப்டரில் போனபோது, முன்னால் போன வேறொரு ஹெலிகாப்டர் மீது குண்டு பாய்ந்தது. அன்றைக்கு அவர் தந்த செய்தி அப்படித்தான் இருந்தது. வருடங்கள் போகப் போக, பேச்சு நிகழ்ச்சிகளில் சொல்லச் சொல்ல, குண்டு பட்டது அவர் ஹெலிகாப்டராகவே ஆகிவிட்டது. 2015 ஜனவரியில் அதைச் செய்தியிலும் சொன்னார். அங்கே இருந்த முன்னாள் ராணுவ வீரர்கள் மறுத்தார்கள். மன்னிப்புக் கேட்டார், ஆனாலும் ஆறு மாதம் சம்பளமில்லாத இடைநீக்கம், பிறகு அவர் வாசித்துவந்த இரவுச் செய்தி நாற்காலியும் திரும்பக் கிடைக்கவில்லை. நகைச்சுவை நடிகர் கதையைப் பெருக்கினால் அது கலை. நாம் பெருக்கினால், கேட்பவர் நம்முடைய பழைய செய்திகளையும் ஒரு முறை சந்தேகத்தோடு திரும்பிப் பார்ப்பார்.

உண்மையில் சொதப்பினாரா இல்லையா என்று தெரியாமலே நெடுங்காலம் கூசியவரும் உண்டு. பத்திரிகையாளராக இருந்து எழுத்தாளரான மார்க் ட்வைன், 1877 டிசம்பர் 17 அன்று பாஸ்டனில் ஒரு விருந்தில் பேசினார். கவிஞர் விட்டியரின் எழுபதாவது பிறந்தநாள். எமர்சன், லாங்ஃபெல்லோ, ஹோம்ஸ் என்ற பெரிய அமெரிக்க எழுத்தாளர்களின் பெயர்களைச் சொல்லிக்கொண்டு மூன்று குடிகார நாடோடிகள் ஒரு சுரங்கத் தொழிலாளியின் குடிசைக்குள் புகுந்த கற்பனைக் கதையைச் சொன்னார். அந்த எழுத்தாளர்கள் மூன்று பேரும் விருந்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். அப்புறம் மூவருக்கும் மன்னிப்புக் கடிதம் போனது. அரங்கமே உறைந்துபோனது என்று பிற்காலத்தில் அவர் நினைவுகூர்ந்தார். மறுநாள் பாஸ்டன் பத்திரிகைகளோ கூட்டம் சிரித்ததாக எழுதியிருந்தன. நினைவு நம்மைப் பெருமைப்படுத்தத்தான் கதையை மாற்றும் என்றில்லை, வதைக்கவும் மாற்றும்.

என் விஷயத்தில் அரங்கம் உறையவில்லை, நன்றாகவே சிரித்தது. என்னிடம் இன்னொரு கதை இருந்தது. அதில், கேட்ட கேள்விக்குச் சம்பந்தமே இல்லாமல் பதில் சொன்ன ஒரு பழைய நட்சத்திரத்தை நடித்துக் காட்டுவேன். "உங்கள் முதல் படம் எது?" என்றால், "மூட்டு வலிதான், வேறென்ன" என்பார். ஒரு நாள் பேச்சு முடிந்ததும் வயதான ஒரு அம்மா வந்தார். அந்த நட்சத்திரத்திடம் வேலை பார்த்தவராம். "அந்த வருஷம் அவருக்குக் காது போயிடுச்சு. வெளிய தெரிஞ்சா வாய்ப்பு வராதுன்னு யார்கிட்டயும் சொல்லல. நீங்க அவரை மாதிரியே பேசுறீங்க, நல்லா இருந்தது" என்றார். கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குப் பதில் சொல்ல வந்திருக்கும். அந்தக் கதையை அன்றோடு விட்டுவிட்டேன்.

இறந்தவரைப் பற்றித்தானே என்று சமாதானம் சொல்பவர்கள் உண்டு. இங்கிலாந்துச் சட்டத்தில் இறந்தவருக்காக அவதூறு வழக்குப் போட முடியாது என்பது உண்மை. இந்தியக் குற்றவியல் சட்டத்தில் முடியும், குடும்பத்தினரின் மனதைப் புண்படுத்தும் நோக்கம் இருந்தால். ஆனால் சட்டம் இதில் சின்னப் பகுதிதான். மூடிய அரங்கு என்று இப்போது எதுவும் இல்லை. முன்வரிசையில் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்திருப்பவர் உங்களைப் படமெடுப்பதாகத்தான் அர்த்தம். முன்னும் பின்னும் வெட்டிய நாற்பது விநாடி மறுநாள் வெளியே சுற்றும், அதில் உங்கள் முகபாவமும் சிரிப்பும் இருக்கும், சூழல் இருக்காது.

'ஆஃப் தி ரெக்கார்ட்' விஷயத்தில் எனக்கு விட்டுக்கொடுப்பே கிடையாது. பேட்டியில் அச்சேறக் கூடாது என்று ஒருவர் சொன்னால், அது இரவுச் சாப்பாட்டுக்குப் பின் மைக்கிலும் ஏறக் கூடாது. "அதெல்லாம் பத்து வருஷம் ஆச்சு" என்பார்கள் சிலர். வாக்குக் கொடுத்தபோது காலாவதித் தேதி எதுவும் சொன்னோமா?

இப்போது பேசப் போகுமுன் குறிப்பேட்டைப் புரட்டுகிறேன். குறிப்பில் இல்லாததை "என் நினைவில் இப்படித்தான் இருக்கிறது" என்று சொல்லிவிட்டே ஆரம்பிக்கிறேன். சிரிப்பு கொஞ்சமும் குறைவதில்லை. நோய், குடும்பம், பணக்கஷ்டம் மூன்றையும் தொடுவதில்லை. கதையில் முட்டாள் ஒருவர் தேவைப்பட்டால் அந்த வேடத்தை நானே எடுத்துக்கொள்கிறேன், அதற்குச் சரக்கு என்னிடம் ஏராளம். பதினைந்து நிமிடத்தில் உட்கார்ந்துவிடுகிறேன். இது அறம் இல்லை, அதற்கு மேல் முதல் கொட்டாவி வந்துவிடும்.

ரெக்கார்டர் கதையையும் திருத்திவிட்டேன். பன்னிரண்டு நிமிடம், கண்டுபிடித்தவர் புகைப்படக்காரர், கடிகாரத்தைப் பார்த்த நடிகர். போன மாதம் அப்படியே சொன்னேன். அன்று அந்தப் புகைப்படக்காரரே கூட்டத்தில் இருந்தார். முடிந்ததும் நேராக என்னிடம் வந்தார்.

"லைட்டாவது எரியறதாவது! நீ அன்னிக்கு பேட்டரியே போடலையேய்யா."