கயாக்கைப் பிடியுங்கள், போட்டியை விட்டு நீக்க மாட்டார்கள்

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் அடுத்தடுத்துச் செய்யும் ட்ரையத்லான் ஒன்று சமீபத்தில் நடந்தது. அதிலும் நீச்சலின்போது ஒருவரைப் படகில் போட்டுக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். நாற்பதைத் தாண்டியவர். உதடு நீலம் பாரித்து, பேச முடியாமல் இருமிக்கொண்டிருந்தார். ஆக்ஸிஜன் கொடுத்து, மூச்சு ஓரளவு சீரானதும் நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். “காவலுக்கு நிற்கிற கயாக், அந்தச் சின்னத் துடுப்புப் படகு, பக்கத்திலேயே இருந்ததே, ஏன் பிடிக்கவில்லை?” அவர் முகக்கவசத்தை விலக்கிவிட்டுச் சொன்னார்: “பிடிச்சா டிஸ்குவாலிஃபை பண்ணிடுவாங்க, டாக்டர்.”

இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. கடலோரத்தில் நடக்கும் ட்ரையத்லான் போட்டிகளில் மருத்துவப் பணி பார்க்கிற என் நண்பர்களும் இதையேதான் சொல்கிறார்கள். முதல்முறை கடலில் நீந்துகிறவர்கள் தண்ணீரால் மட்டும் ஆபத்துக்கு உள்ளாவதில்லை. யாரோ ஜிம்மில் சொன்ன ஒரு தவறான விதியை நம்பி, கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற உதவியை ஒதுக்கிவிட்டு மேலும் உள்ளே போகிறார்கள்.

ஆகவே விதியைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ட்ரையத்லான் நீச்சலில் எந்த நீச்சல் முறையையும் பயன்படுத்தலாம். தவளை நீச்சல் அடிக்கலாம், மல்லாந்து மிதக்கலாம், நின்ற இடத்திலேயே கால் உதைத்துக்கொண்டிருக்கலாம், ஆழமில்லாத இடமாக இருந்தால் தரையில் காலூன்றி நிற்கலாம். மிதவையையோ, அசையாமல் நிற்கும் படகையோ, கயாக்கையோ பிடித்துக்கொண்டு ஓய்வெடுக்கலாம். உலக ட்ரையத்லான் அமைப்பின் விதியும் இதுதான், நெடுந்தூரப் போட்டிகளை நடத்தும் அயர்ன்மேன் நிறுவனத்தின் விதியும் இதுதான். ஒரே நிபந்தனை, அதைப் பிடித்துக்கொண்டு முன்னேறக் கூடாது. படகு உங்களை இழுத்துக்கொண்டு போனாலோ, உள்ளே ஏற்றிக்கொண்டாலோ, மருத்துவ உதவி செய்ய வேண்டி வந்தாலோ அன்றைய போட்டி முடிந்தது. சும்மா பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினால் போட்டி முடிந்துவிடாது. பிடித்த இடத்திலேயே விட்டுவிட்டு மறுபடி நீந்த வேண்டும், அவ்வளவுதான். எத்தனை முறை வேண்டுமானாலும் பிடிக்கலாம். உள்ளூர்ப் போட்டிகளில் ஏதேனும் மாற்றம் இருக்கிறதா என்று முந்தைய நாள் விளக்கக் கூட்டத்தில் கையைத் தூக்கிக் கேளுங்கள். கூட்டத்துக்கு நடுவே கேட்க வெட்கமாக இருந்தால் முடிந்ததும் தனியாகப் போய்க் கேளுங்கள்.

“சரி டாக்டர், ஆனா நேரம் போயிடுமே” என்பார்கள். அந்தக் கணக்கையும் போட்டுப் பார்ப்போம். கோவா 70.3 போன்ற அரை அயர்ன்மேன் போட்டியில் 1.9 கிலோமீட்டர் நீச்சல். அதற்கு வழக்கமாகத் தரும் நேரம் 70 நிமிடம். நூறு மீட்டரை இரண்டரை நிமிடத்தில் கடக்கிற சாதாரண நீச்சல்காரருக்கு மொத்தம் நாற்பத்தெட்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். மீதி இருபத்திரண்டு நிமிடம் கையில் இருக்கிறது. கயாக்கில் இரண்டு நிமிடம் தொங்குவதால் என்ன குறைந்துவிடப்போகிறது? அடுத்து 90 கிலோமீட்டர் சைக்கிளும் 21.1 கிலோமீட்டர் ஓட்டமும் இருக்கின்றன. அந்த இரண்டு நிமிடத்தை ஈடுகட்ட நாள் முழுக்க வாய்ப்பு இருக்கிறது.

முதல் ஐந்து நிமிடம்தான் மோசமான நேரம். நீந்தத் தெரியாததால் வருகிற சிக்கல் இல்லை இது. இருபத்தைந்து மீட்டர் குளத்தில் இரண்டு கிலோமீட்டர் நீந்துகிறவர் எழுபத்தொன்பது முறை சுவரைத் தொட்டுத் திரும்புகிறார். ஒவ்வொரு முறையும் ஒரு உந்தல், ஒரு நொடி இளைப்பாறல். கீழே கறுப்புக் கோடு வழிகாட்டுகிறது. கடலில் சுவரும் இல்லை, கோடும் இல்லை, கையை நீட்டினால் விரல்கூடத் தெரியாத கலங்கல். துப்பாக்கி வெடித்ததும் முன்னால் போகிறவரின் குதிகால் முகத்தில் படுகிறது, பின்னால் வருகிறவர் உங்கள் காலைப் பிடிக்கிறார், மூச்செடுக்கத் திரும்பிய பக்கம் அலை வந்து வாயை நிரப்புகிறது. போதாததற்கு நம் சோழமண்டலக் கரை கிழக்கு பார்த்தது. காலையில் கடலுக்குள் போகும்போது சூரியன் நேர் எதிரே நிற்கும், வழிகாட்டும் மிதவை கண்ணில் படாது. நிறக்கண்ணாடி போட்ட நீச்சல் கண்ணாடி வாங்குங்கள் என்று தலைப்பாடாக அடித்துக்கொள்கிறேன். தெளிந்த கண்ணாடியோடுதான் வருகிறார்கள்.

இந்த நேரத்தில் மூச்சு மேலே மேலே ஏறும். நெஞ்சு இறுகும். “என்னால் முடியாது” என்று தோன்றும். இது வந்தவுடன் நிறுத்துங்கள். வேகத்தைக் கூட்டிக் கூட்டத்திலிருந்து தப்பிக்கப் பார்க்காதீர்கள். அங்கேதான் பலர் மூழ்குகிறார்கள். மல்லாந்து படுங்கள். மூச்சை இழுப்பதைப் பற்றிக் கவலைப்படாமல், நீளமாக, வாயால் ஊதி வெளியே விடுங்கள். பத்து முறை ஊதினால் பெரும்பாலானோருக்கு அடங்கிவிடும். பிறகு தலையை வெளியே வைத்துத் தவளை நீச்சலில் கொஞ்ச தூரம் போங்கள். அதன் பிறகும் அடங்கவில்லையா, கையை உயர்த்தி ஆட்டுங்கள். கயாக் உங்களிடம் வரும்.

கை தூக்குவதை ஒத்திப்போடாதீர்கள், மன்றாடிக் கேட்கிறேன். மூழ்குகிறவர் கத்துவார், கையை ஆட்டுவார் என்று எல்லோரும் நினைக்கிறோம். உண்மையில் மூழ்கத் தொடங்கிய மனிதரால் கத்த முடியாது. வாய் தண்ணீருக்கு மேலே வருவதே ஒரு நொடிக்குத்தான், அதற்குள் மூச்சுதான் எடுக்க முடியும். கைகள் தாமாகவே பக்கவாட்டில் விரிந்து தண்ணீரை அழுத்தும், தலைக்கு மேலே தூக்க வராது. ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். அலை அடிக்கும் கடலில் நூற்றுக்கணக்கான தொப்பிகளுக்கு நடுவே சத்தமில்லாமல் மூழ்கும் ஒருவரைப் படகில் இருப்பவர் கண்டுபிடிப்பது எவ்வளவு கடினம் என்று யோசியுங்கள். தூக்க முடிகிற நேரத்திலேயே தூக்கிவிடுங்கள்.

முதல் கடல் நீச்சலையே போட்டி நாளில் வைத்துக்கொள்வதுதான் எனக்குப் புரியாத விஷயம். மூன்று லட்சத்துக்கு சைக்கிள் வாங்குகிறவர்கள், போட்டிக்கு முன் நான்கைந்து ஞாயிற்றுக்கிழமைகளைக் கடலுக்கு ஒதுக்க மாட்டேன் என்கிறார்கள். ஐரோப்பாவில் எடுத்த யூடியூப் காணொலிகளைப் பார்த்துப் பழகுகிறவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர்கள் வெட்சூட் என்ற, உடம்போடு ஒட்டிய ரப்பர் உடை போட்டிருக்கிறார்கள். அது உடம்பைத் தூக்கி மிதக்க வைக்கும். நம் கடலின் வெதுவெதுப்பில் அதை அணிய பெரும்பாலும் அனுமதி கிடைக்காது. அந்த மிதப்பு உங்களுக்கு இருக்காது என்று தெரிந்தே தயாராகுங்கள். குளிர்ந்த நாட்டுப் போட்டிக்குப் போகிறவர்கள் அந்தக் குளிர்நீர் அதிர்ச்சிக்குத் தனியாகப் பழக வேண்டும்.

கடல் பயிற்சிக்குத் தனியாக ஒருபோதும் இறங்காதீர்கள். பயிற்சியாளரும் துணைப் படகும் இருக்கிற குழுவோடு போங்கள். இடுப்பில் கட்டி இழுத்துச் செல்லும் ஆரஞ்சு நிற மிதவைப் பை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். இறங்கும் முன் குப்பத்து மீனவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். தெற்கிலிருந்து வடக்கே ஓடும் தெண்டி நீரோட்டமா, வடக்கிலிருந்து தெற்கே இறங்கும் வன்னி நீரோட்டமா, இன்றைக்கு எவ்வளவு வேகம் என்று அவர் தண்ணீரைப் பார்த்தே சொல்வார். “இன்னைக்கு வேணாம் சார்” என்றால் திரும்பி வந்துவிடுங்கள். அவரிடம் வாதாடாதீர்கள். ஹைதராபாத்தில் இருக்கும் கடல் தகவல் மையமான இன்காய்ஸ், அலை உயரத்தையும், தென்கோடிக் கரையில் திடீரென எழும் கள்ளக்கடல் என்ற அலைச் சீற்றத்தையும் பற்றி முன்னறிவிப்பு வெளியிடுகிறது. அதையும் பாருங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வடகிழக்குப் பருவமழை நேரத்தில், முதல் பாடத்தை வங்காள விரிகுடாவில் தொடங்க வேண்டாம். மற்ற மாதங்களிலும் காலையிலேயே முடித்துவிடுங்கள். மதியம் கடற்காற்று எழும்பினால் தண்ணீர் கலைந்துவிடும்.

பயிற்சியில் நீந்துவதோடு இன்னும் சிலவற்றையும் பழகுங்கள். உடைகிற அலையை மார்பில் வாங்காமல், கைகளை முன்னால் நீட்டி அதன் அடியில் புகுந்து மறுபக்கம் எழுவது. ஆறேழு கைவீச்சுக்கு ஒருமுறை கண்ணை மட்டும் தண்ணீருக்கு மேலே தூக்கி மிதவையைப் பார்ப்பது. இரண்டு பக்கமும் மூச்செடுப்பது. நண்பர்கள் இருவரை இடித்துக்கொண்டே நீந்தச் சொல்லி அந்த நெரிசலுக்குப் பழகுவது. கண்ணாடி கழன்றால் மல்லாந்து படுத்து மறுபடி மாட்டுவது. கடலுக்குள் இழுக்கும் ஓட்டத்தில் மாட்டினால் கரையை நோக்கிப் போராடாமல், கரைக்கு இணையாக நீந்தி அதிலிருந்து விலகுவது. கரையேறும்போது திரும்பித் திரும்பிப் பின்னால் வரும் அலையைப் பாருங்கள். முழங்கால் ஆழத்தில் நிற்கும்போது அலை தூக்கி மணலில் தலைகீழாகப் போட்டுக் கழுத்தெலும்பு முறிந்தவர்கள் உண்டு. போட்டியன்று அமைப்பாளர்கள் அனுமதித்தால் தொடங்கும் முன் தண்ணீரில் ஐந்து நிமிடம் நீந்திப் பாருங்கள். முன்வரிசையில் நிற்காதீர்கள், ஓரமாகவோ கடைசியிலோ இறங்குங்கள்.

இதயத்தைப் பற்றிப் பேசாமல் முடிக்க முடியாது. அமெரிக்காவில் 1985 முதல் 2016 வரை ட்ரையத்லான் போட்டிகளில் நடந்த மரணங்களையும் இதயத்துடிப்பு நின்று மீட்கப்பட்ட நிகழ்வுகளையும் தொகுத்து 2017-இல் ஓர் ஆய்வு வெளியானது. மொத்தம் 135. அதில் 90 நீச்சலின்போது நடந்தவை. பாதிக்கப்பட்டவர்களில் 85 சதவீதம் ஆண்கள், சராசரி வயது 47-க்குச் சற்றுக் குறைவு. பிரேதப் பரிசோதனை விவரம் கிடைத்த 61 பேரில் 27 பேருக்கு இதயத்திலோ ரத்தக்குழாயிலோ ஏற்கனவே கோளாறு இருந்திருக்கிறது. நம் போட்டிகளுக்குப் பெயர் கொடுப்பவர்களில் பெரும்பகுதி இதே வயதுக்காரர்கள்தான். “போன வருஷம் மாஸ்டர் செக்கப் நார்மல்” என்பது போதாது. நாற்பது தாண்டியிருந்தால், அல்லது வீட்டில் யாராவது இளவயதில் மாரடைப்பால் போயிருந்தால், இதய மருத்துவரிடம் போய் “ட்ரையத்லான் செய்யப் போகிறேன்” என்று சொல்லியே பரிசோதித்துக்கொள்ளுங்கள். ரத்த அழுத்த மாத்திரை எடுப்பதைப் படிவத்தில் மறைக்காதீர்கள். அனுமதி மறுப்பார்களோ என்று மறைக்கிறார்கள். மயங்கிக் கிடக்கிறவருக்குச் சிகிச்சை தர வேண்டிய எனக்கு அந்தத் தகவல் தேவை. காய்ச்சல், சளி இருந்தால் அந்த வருடம் விட்டுவிடுங்கள்.

முதலில் சொன்ன நோயாளிக்கு வந்தது நீச்சலால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும் நிலை. வெளியிலிருந்து குடித்த கடல்நீர் இல்லை அது, உடம்புக்குள்ளிருந்தே கசிவது. உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கும், இறுக்கமான உடை போட்டவர்களுக்கும், நீச்சலுக்கு முன் லிட்டர் கணக்கில் தண்ணீர் குடித்தவர்களுக்கும் வாய்ப்பு அதிகம். வேகத்துக்குப் பொருந்தாத மூச்சுத்திணறல், நெஞ்சுக்குள் கொரகொரவென்ற சத்தம், இளஞ்சிவப்பு நுரையோடு இருமல் இவைதான் அடையாளம். இதற்கு ஓய்வெடுத்துவிட்டுத் தொடர்வது கிடையாது. வெளியே வந்தாக வேண்டும். கரையேறியவரை நிமிர்த்தி உட்கார வைத்து, உடையின் இறுக்கத்தைத் தளர்த்தி, ஆக்ஸிஜன் கொடுத்து மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். ஈரமும் குளிருமாக இருக்கிற விரலில் மாட்டிய கருவி காட்டும் ஆக்ஸிஜன் எண்ணை மட்டும் நம்பாதீர்கள் என்று உடன் பணிசெய்யும் இளம் மருத்துவர்களுக்குச் சொல்வேன். நோயாளி ஒரு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் சொல்கிறாரா என்று பாருங்கள்.

தண்ணீர் புரையேறி, கரைக்கு வந்து அரைமணி நேரம் ஆகியும் இருமல் நிற்காதவர்களும் அப்படியே சைக்கிளில் ஏறிப் போகக் கூடாது. மருத்துவக் கூடாரத்துக்கு வாருங்கள். சில மணி நேரம் கவனித்துவிட்டு அனுப்புவோம். காரைத் தனியாக ஓட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பாதீர்கள்.

அமைப்பாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். விளக்கக் கூட்டத்தில் சைக்கிள் நிறுத்தும் இடத்துக்கு இருபது நிமிடம் ஒதுக்குகிறீர்கள். கயாக் விதிக்கு இரண்டு நிமிடம் ஒதுக்குங்கள், தமிழிலும் சொல்லுங்கள். அதே விதியை ஃபைபர் படகில் காவலுக்கு நிற்கும் மீனவர்களிடமும் சொல்லுங்கள். யாராவது படகைப் பிடித்தால் பாவம் என்று கொஞ்ச தூரம் இழுத்து விட்டுவிடுகிறார்கள், அதனால் போட்டியாளர் நீக்கப்படுகிறார், அந்தக் கதை பரவி அடுத்த வருடம் யாரும் படகைத் தொடுவதில்லை. இன்ஜினை அணைத்து நிற்க வேண்டும், பிடித்தவரிடம் பேச்சுக் கொடுக்க வேண்டும், வாக்கியமாகப் பதில் சொல்லத் திணறுகிறவரை உடனே ஏற்றிக்கொள்ள வேண்டும். இந்த மூன்றையும் போட்டிக்கு முந்தைய மாலை படகுக்காரர்களோடு உட்கார்ந்து பேசிவிடுங்கள். எந்தப் படகு எந்த மிதவைக்குப் பொறுப்பு என்று எழுதி, அதில் ஒரு பிரதியை மருத்துவக் கூடாரத்திலும் ஒட்டுங்கள்.