முட்டைக்கோஸின் மூன்றாவது பெயர்

முட்டைக்கோஸ், காலிஃபிளவர், நூக்கோல் மூன்றும் ஒரே சிற்றினம்: பிராசிக்கா ஒலரேசியா. கண்ணுக்குத் தெரியும் வேற்றுமையை இந்த இரண்டு சொற்களால் காட்ட முடியாது. அதற்குத்தான் மூன்றாவது சொல். முட்டைக்கோஸ் “பிராசிக்கா ஒலரேசியா வர். காப்பிடாட்டா”. காலிஃபிளவருக்குக் கடைசிச் சொல் போட்ரைட்டிஸ், நூக்கோலுக்குக் காங்கிலோடஸ்.

நடுவில் உள்ள “வர்.” என்பதை விட்டுவிடக் கூடாது. விலங்குப் பெயரில் சிற்றினத்துக்குக் கீழே துணைச் சிற்றினம் என்ற ஒரே படிதான். மூன்று சொற்களை அடுத்தடுத்து எழுதினால் போதும். தாவரங்களுக்குத் துணைச் சிற்றினம், வகை, வடிவம் என்று படிகள் பல. எந்தப் படி என்பதை “சப்ஸ்ப்.”, “வர்.”, “எஃப்.” என்ற குறிதான் சொல்லும். பெயர்ச் சொற்கள் சாய்வெழுத்தில், குறி நேரெழுத்தில்.

எந்தச் செடிக்கு எந்தப் படி என்பதற்குத் தாவரப் பெயரிடலின் பன்னாட்டு விதித்தொகுப்பில் அளவுகோல் இல்லை, வழக்கம்தான். தனி நிலப்பரப்பில் பரவி, எல்லையோரத்தில் மட்டும் கலந்தால் துணைச் சிற்றினம். செடிக்கூட்டத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்ளைப் பூ பூத்தால் வடிவம். வகை இரண்டுக்கும் நடுவில். ஆய்வாளர்கள் அதிகம் சண்டை போடுவதும் இங்கேதான்.

ஒரு சிற்றினத்திலிருந்து ஒரு வகையைப் பிரித்துப் பெயரிட்டதும், இன்னொரு பெயர் தானாகப் பிறந்துவிடும்: “பிராசிக்கா ஒலரேசியா எல். வர். ஒலரேசியா”. சிற்றினப் பெயருக்கு ஆதாரமான மூலமாதிரி எந்தப் பக்கம் இருக்கிறதோ, அந்தப் பக்கத்துக்கே இது சேரும். அதிகம் காணப்படும் செடி அதுதான் என்று எண்ணிவிடக் கூடாது. பெயர் சூட்டிய தாவரவியலாளர் லின்னேயஸைக் குறிக்கும் “எல்.” முட்டைக்கோஸின் முழுப் பெயரில் இரண்டு இடத்தில் வரும், தானாகப் பிறந்த பெயரிலோ சிற்றினச் சொல்லுக்குப் பின் மட்டும்தான். யாரும் சூட்டாத பெயருக்கு ஆசிரியர் ஏது?

வகையையும் ரகத்தையும் ஒன்றாக்குவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் புழங்குவதால் வந்த வினை இது. தமிழுக்கு அந்தச் சங்கடம் தேவையில்லை. ரகம் என்பது மனிதர் தேர்ந்தெடுத்து, குணம் மாறாமல் பெருக்கி வருவது. அதற்குத் தனி விதித்தொகுப்பு உண்டு. முதல் பதிப்பு 1953இல் வந்தது. ரகப் பெயர் ஒற்றை மேற்கோள் குறிக்குள், நேரெழுத்தில் நிற்கும். 1959 ஜனவரி 1 முதல் புதிதாகச் சூட்டும் ரகப் பெயர் லத்தீனில் இருக்கக் கூடாது. ஒட்டுமரத்துப் பழத்தின் விதையிலிருந்து முளைத்த கன்று தாயின் குணத்தோடு வராவிட்டால், தாயின் ரகப் பெயர் அதற்குச் செல்லாது.

முட்டைக்கோஸே மனிதர் உருவாக்கியதுதான். அதனால் அதை வகை என்று சொல்லாமல், ரகங்களின் தொகுதியாகக் கொண்டு “காப்பிடாட்டா குரூப்” என்று எழுதுவோரும் உண்டு. அப்போது அந்தச் சொல் சாய்வெழுத்திலிருந்து நேரெழுத்துக்கு மாறிவிடும்.